கையைப் பின்னால் கட்டிக்கொண்ட டீச்சர்

கேள்வி கேட்டு முடித்ததும் அவள் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவாள். பிறகு இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய், ஒரு கையால் இன்னொரு கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். அவ்வளவுதான். பிள்ளை வாய் திறக்கிறவரைக்கும் அந்தக் கை முன்னால் வராது. காக்கா கத்தும், தெருவில் இளநீர் வண்டி போகும், பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு முடிந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். அவள் நின்றபடியே நிற்பாள்.

நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவள். காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றில், கோயில் மதிலை ஒட்டின சின்னப் பள்ளிக்கூடம். உள்ளே இடம் போதாமல் நாலாம் வகுப்புக்குப் பாதி நாள் முற்றத்து வேப்பமரத்தடியில்தான் பாடம். சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து நான் கீரை ஆய்ந்தால் அவள் முதுகு எனக்கு நேராக இருக்கும். அதனால் அவள் முகத்தைவிட அந்தக் கைகளைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். ஒல்லியான கை. ஒன்றில் வாட்ச், இன்னொன்றில் சாயம் போன கோயில் கயிறு. விரல் இடுக்கெல்லாம் சாக்பீஸ் தூள்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "ஏன் டீச்சர், அப்படிக் கையக் கட்டிக்கினு நிக்கிறீங்களே, வலிக்கலியா?"

"அவுத்து விட்டா அது தானாப் போயிடும் ஆயாம்மா. புள்ளைங்க பென்சில புடுங்கி எழுதிக் குடுத்துடும். அதான் புடிச்சி வெச்சிருக்கேன்" என்று சிரித்தாள்.

என் மகளைவிடச் சின்னவள். அதனால்தான் இங்கே அவள், இவள் என்று எழுதுகிறேன். நேரில் டீச்சர், வாங்க, போங்கதான். பேரை எழுதவில்லை. எழுதினால் அவளுக்குப் பிடிக்காது. யாராவது புகழ்ந்து பேசினால் அந்த இடத்தில் நிற்கமாட்டாள். ஏதோ வேலை ஞாபகம் வந்தமாதிரி நகர்ந்துவிடுவாள்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. அப்புறம் தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்க உட்காரவைத்துவிட்டார்கள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், நிதானமாகத்தான் வரும். ஆனால் டீச்சர் என்று பேர் வைத்துக்கொண்டவர்கள் எத்தனையோ பேரை அந்த வாசலில் உட்கார்ந்து பார்த்தவள் நான். நல்லவர்கள் இருந்தார்கள், கெட்டிக்காரர்கள் இருந்தார்கள், பிரம்பால் பேசினவர்களும் இருந்தார்கள். இவளைப் போல் ஒருத்தியை அதற்கு முன்னால் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை.

வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். நிரந்தர வேலை இல்லை. அந்தந்த வருஷத்துக்கு வைத்துக்கொண்டால் உண்டு, வேண்டாம் என்றால் இல்லை. வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருவாள். இவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. இதையெல்லாம் அவளாகச் சொன்னதில்லை. பஸ்ஸில் கூட வருகிற அஞ்சாம் வகுப்பு டீச்சர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வந்த புதிதில் ஒரு காலை என் வாசலில் வந்து நின்றாள். "ஆயாம்மா, கோலமாவு இருக்குமா?"

"இன்னா கோலம் டீச்சர், இன்னிக்கு விசேஷமா?"

"கோலம் இல்ல. ஒரே ஒரு கோடு."

குழாயடியிலிருந்து என் வாசற்படி வரைக்கும் கயிறு பிடித்து நேராக ஒரு கோடு இழுத்தாள். குழாய்ப் பக்கம் பூஜ்யத்துக்கு ஒரு முட்டை போட்டாள். என் வாசற்படியில் ஒன்று என்று எழுதினாள். பிள்ளைகளை இரண்டு பக்கமும் உட்காரவைத்தாள்.

"இது பூஜ்யம். அது ஒண்ணு. நடுவுல இன்னா இருக்குது?"

"மண்ணு டீச்சர்."

"எறும்பு டீச்சர்."

"தினேஷ் துப்புன எச்சில் டீச்சர்!"

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அப்புறம் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "சரி. பூஜ்யத்துக்கும் ஒண்ணுக்கும் நடுவுல இன்னா இருக்குது?"

சிரிப்பு அடங்கிப்போயிற்று. எனக்குக் கீரை ஆய்ந்து முடிந்தது, கழுவி முடிந்தது. சாப்பாட்டு மணியும் அடித்துவிட்டார்கள். பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். ரேஷ்மா மட்டும் அந்தக் கோட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். செருப்புக்கடை பாயின் மகள். வாயைத் திறக்கவே திறக்காத பிள்ளை. அவள் எதிரே டீச்சரும் அப்படியே நிற்கிறாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "டீச்சர், கொழந்தைய சாப்புட வுடுங்க!"

"போய் சாப்புடு ரேஷ்மா. சாப்புட்டுக்கினே யோசி. நான் எங்கயும் போகல" என்றாள்.

வரிசையில் உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள் அந்தப் பெண். திடீரென்று வாய் நிறையச் சோற்றோடு கத்தினாள். "டீச்சர்! அரை! நடுவுல அரை இருக்குது!" பக்கத்துப் பிள்ளை மேலெல்லாம் பருக்கை. டீச்சர் ஓடிவந்து அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஏதோ தங்கச் செயின் தொலைந்து கிடைத்தமாதிரி, "எங்க இருக்குது? வந்து காட்டு" என்றாள். எச்சில் கையோடு அந்தப் பெண் போய்க் கோட்டின் நடுவில் நின்றாள். அந்த வருஷம் அவள் முதன்முதலாகச் சத்தமாகப் பேசினது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் தினமும் அந்தக் கோடுதான். காற்றில் அழியும், மறுபடி போடுவாள். அரை எங்கே, கால் எங்கே, முக்கால் எங்கே என்று பிள்ளைகள் நடந்து போய் நிற்கவேண்டும். ஒருநாள் தினேஷை எழுப்பி, "எட்டுல ஒண்ணு எங்க இருக்குது?" என்றாள். அவன் விறுவிறுவென்று நடந்து முக்காலையும் தாண்டி என் வாசற்படிகிட்ட வந்து நின்றுகொண்டான்.

"ஏன் அங்க நிக்கற?"

"எட்டு பெரிய நம்பர் டீச்சர்."

பாதிப் பிள்ளைகள் சரி என்றன, பாதி தப்பு என்றன. அவள் கையைக் கட்டிக்கொண்டாள். அவன் நிற்கிறான். எல்லாரும் அவனையே பார்க்கிறார்கள். அவன் முகம் சிவந்துபோயிற்று. நான் வாசலில் அரைக்கால் படியைக் கையில் வைத்துக்கொண்டு பருப்பு அளந்துகொண்டிருந்தேன். வாய் சும்மா இருக்குமா? "டேய்! அரைக்கால்டா அது! காலுல பாதி! திரும்பிப் போடா குழாயாண்ட!" என்று கத்திவிட்டேன். அவன் ஒரே ஓட்டமாக ஓடிப்போய்ச் சரியான இடத்தில் நின்றான். எனக்குப் பெருமை.

சாயங்காலம் அவள் வந்தாள். "ஆயாம்மா, இன்னும் கொஞ்ச நேரத்துல அவனுக்கே வந்திருக்கும்."

"எங்க வந்திருக்கும்? அவன்தான் மரமா நின்னுக்கினு இருந்தானே."

"இல்ல, வந்துக்கினே இருந்தது. குதிகால் திரும்ப ஆரம்பிச்சிடுச்சு. நான் பாத்தேன். நீங்க சொன்னதும் ஓடிட்டான். இப்ப அது உங்க பதிலு ஆயாம்மா, அவனது இல்ல."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உங்க பாடத்துல நான் வாய வெச்சது தப்புன்னா நேரா சொல்லிடுங்க டீச்சர். நான் சாம்பார மட்டும் பாத்துக்கறேன்" என்றேன். இரண்டு நாள் அவளுக்கு டீ கொடுக்கவில்லை. இன்றைக்கும் நான் செய்தது தப்பு என்று சொல்லமாட்டேன். ஒரு பிள்ளை ஊர் பார்க்கத் தப்பான இடத்தில் நிற்கும்போது யாராலே சும்மா இருக்கமுடியும்? ஆனால் அதற்கப்புறம் நானும் பிள்ளைகளின் குதிகாலைப் பார்க்க ஆரம்பித்தேன். அவள் சொன்னது நிஜம்தான். வாய்க்கு வருகிறதற்கு முன்னால் அது காலுக்கு வருகிறது. இத்தனை வருஷம் அதே வாசலில் உட்கார்ந்திருந்தும் என் கண்ணுக்கு அது பட்டதில்லை.

நடந்து முடிந்தால் எழுதவேண்டும். அதுதான் அவளுடைய இன்னொரு வழக்கம். எங்கே நின்றாய், ஏன் அங்கே நின்றாய், இதை அவரவர் சொந்த வார்த்தையில் எழுதவேண்டும். பக்கத்தில் பார்க்கக்கூடாது, பலகையில் இருப்பதையும் எழுதக்கூடாது. "எழுத்து தப்பா வருது டீச்சர்" என்றால், "வரட்டும். நீ நெனச்சது இன்னான்னு எழுது. எழுதினாத்தான் அது உனக்கே தெரியும்" என்பாள். அத்தனையையும் பஸ்ஸில் படித்துக்கொண்டு போவாள். சிவப்பு மையில் அடிக்கமாட்டாள். கீழே ஒரு கேள்வி மட்டும் எழுதிக்கொண்டு வருவாள்.

தினேஷ் எழுதினதை எனக்குப் படித்துக் காட்டினாள். 'நான் எட்டில் ஒன்றைத் தேடி ஆயா வாசல் வரை போனேன். அது அங்கே இல்லை. எட்டுப் பேர் பங்குக்கு வந்தால் எனக்குக் குறையும். அதனால் அது குழாய்ப் பக்கம்தான் இருக்கும்.' கீழே அவள் கேட்டிருந்தாள்: 'பதினாறு பேர் வந்தால் எங்கே நிற்பாய்?' அதற்கு அவன் எழுதியிருந்தான்: 'குழாய் மேலேயே ஏறிக்குவேன்.' கண்ணில் தண்ணீர் வருகிறவரைக்கும் சிரித்தாள். "பாத்தீங்களா, இப்ப இது அவன் பதிலு" என்றாள். அன்றைக்கு அவளுக்கு டீ கொடுத்தேன்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது. பெற்றவர்களுக்கு எப்படித் தெரியும்? பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். நாலாம் வகுப்பில் கோமதி என்று ஒரு பெண், அவள் அப்பா முதலில் எழுந்தார். தறி நெய்கிறவர். அதிகம் பேசாத மனுஷன்.

"சார், எங்க பொண்ணு நோட்ட எடுத்துப் பாத்தேன். மேல கணக்குன்னு போட்டிருக்குது. உள்ள பூரா கதை. பக்கத்து வகுப்புப் புள்ளைங்க வாய்ப்பாடு கடகடன்னு சொல்லுதுங்க. எங்க பொண்ண ஒண்ணு கேட்டா, 'இருப்பா, யோசிக்கிறேன்'னு சொல்லுது. கோலமாவுல கோடு போட்டு நடக்கறதுக்கா சார் பள்ளிக்கூடம்?"

ரேஷ்மாவின் அம்மா எழுந்தார். "எங்க பொண்ணு முன்ன வாயே தொறக்காது சார். இப்ப நான் ரொட்டியப் பிச்சா, 'இரு அம்மா, இது மூணுல ஒண்ணா நாலுல ஒண்ணா'ன்னு உசுர வாங்குது."

ஹெட்மாஸ்டர் குழம்பிப்போனார். "அது நல்லதாம்மா, கெட்டதாம்மா? அதச் சொல்லுங்க."

"தெரியல சார். ரொட்டி ஆறிடுது."

கூட்டமே சிரித்தது. ஹெட்மாஸ்டர் சிரிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. பயந்த சுபாவம். எல்லாரும் போனபிறகு அவளை நிற்கவைத்துச் சொன்னார். நான் டம்ளர் எடுக்கப் போனதால் காதில் விழுந்தது.

"பள்ளிக்கூடத்தப் பாக்க ஆபீசர் வராரும்மா. நாலாம் வகுப்புல பின்னம்தான் கேப்பாரு. புள்ளைங்க பதில் சொல்லிட்டா பிரச்சினை இல்ல. சொல்லலன்னா இந்த வகுப்ப அஞ்சாம் வகுப்போட சேத்துடச் சொல்வாரு. அப்புறம் உங்கள வெச்சிக்க எனக்கு எடமே இல்ல. நாலு கேள்விக்குப் பதில் சொல்லிக் குடுத்து மனப்பாடம் பண்ண வெச்சிடுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"சரிங்க சார்" என்றாள். ஆனால் மனப்பாடம் பண்ண வைக்கவில்லை. மறுநாளும் அந்தக் கோடுதான்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் கோமதி ஒரு வேலை செய்தாள். டீச்சர் கோட்டை மூன்று சமபங்காகப் பிரிக்கச் சொன்னாள். கோமதி நூலை மூன்றாக மடித்து, அளந்து, முதல் பங்கு முடிகிற இடத்தில் ஒரு குறி வைத்தாள். அப்புறம் ஒரு சாண் இடம் விட்டாள். அடுத்த பங்கை அங்கிருந்து ஆரம்பித்தாள். மறுபடி ஒரு சாண் விட்டு மூன்றாவது. கடைசியில் கோடு போதவில்லை. மூன்று பங்கையும் கொஞ்சம் கொஞ்சம் சுருக்கி எப்படியோ என் வாசலில் கொண்டுவந்து முடித்துவிட்டாள்.

"நடுவுல இது இன்னா கோமதி?"

"வெட்ட எடம் விட்டிருக்கேன் டீச்சர்."

டீச்சருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. எங்கள் தெருவில் யாருக்கும் புரியும். பாவு என்றால் தறியில் நீளவாட்டில் ஏற்றுகிற நூல், ஒரு பாவில் மூன்று புடவை வரும். ஒரு புடவை முடிந்ததும் கொஞ்சம் நூலை நெய்யாமல் விட்டுவிட்டுத்தான் அடுத்த புடவையை ஆரம்பிப்பார்கள். அந்த இடத்தில் வெட்டுவார்கள். இடம் விடாமல் வெட்டினால் புடவை ஓரம் பிரிந்துபோகும். இதை அந்தப் பெண் நடக்கப் பழகுகிறதற்கு முன்னாலிருந்தே பார்க்கிறாள்.

வேடிக்கை என்னவென்றால், டீச்சர் மற்றவர்களைப் பார்த்து "இது சரியா?" என்றதும் பாதி வகுப்பு "சரி டீச்சர், வுடணும் டீச்சர், இல்லன்னா பிரிஞ்சிடும்" என்று தலையாட்டியது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் என்னிடம் வந்து அந்தப் பாவு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். "எவ்ளோ அழகா யோசிச்சிருக்கா ஆயாம்மா" என்றாள்.

"அழகு இருக்கட்டும். கோட்டுக்கு எடம் வுடக்கூடாதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா முடிஞ்சிதே. ஆபீசர் வேற வராரு."

"சொன்னா கேட்டுக்குவா. ஆனா அவ மனசுல அந்த எடம் அப்படியே இருக்கும். அவளே எடுத்தாத்தான் போகும்."

கோமதியிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டாள். "நீ வுட்ட அந்த எடம் எந்தப் பங்கச் சேர்ந்தது?" கோமதி, "யோசிக்கிறேன் டீச்சர்" என்றாள். யோசித்துக்கொண்டே இருந்தாள். சாப்பாட்டு வரிசையில் என்னிடம்கூட, "ஆயா, அந்த நூலு யாருது? அந்தப் புடவையுதா, இந்தப் புடவையுதா?" என்று கேட்டாள். நான் வாயைக் கடித்துக்கொண்டு குழம்பு ஊற்றினேன்.

ஆபீசர் வந்துவிட்டார். காலையிலேயே வந்துவிட்டார். நடுத்தர வயசு, நல்ல மனுஷன் மாதிரிதான் இருந்தார். ஆனால் ஒரே அவசரம், இன்னும் எத்தனையோ பள்ளிக்கூடம் போகவேண்டுமாம். கோட்டைப் பார்த்ததும், "ஓ, எண்கோடா, நல்லது" என்றார். அரை கேட்டார், ஒருத்தன் ஓடிப்போய் நின்றான். முக்கால் கேட்டார், ரேஷ்மா போய் நின்றாள். எனக்கு உயிர் வந்தது. அப்புறம் கோமதியைக் காட்டி, "மூன்றில் ஒன்று குறிச்சிக் காட்டும்மா" என்றார்.

அவள் நூலை மடித்தாள். அளந்தாள். குறி வைத்தாள். ஒரு சாண் விட்டு இன்னொரு குறி.

"இது என்ன ரெண்டு குறி? எது மூன்றில் ஒன்று?"

கோமதி இந்தக் குறியைப் பார்த்தாள், அந்தக் குறியைப் பார்த்தாள். "தெரியல சார்."

"நடுவுல எதுக்கு இடம்?"

"வெட்டறதுக்கு சார்."

ஆபீசர் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். கோமதியும் நிமிர்ந்து டீச்சர் முகத்தைத்தான் பார்த்தாள். பிள்ளைகள் அப்படித்தானே பார்க்கும். ஒரு புருவம் ஏறினால் போதும். கண் அந்த இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் போதும். கெட்டிக்காரப் பெண், பிடித்துக்கொண்டுவிடும்.

டீச்சர் முகம் எனக்குத் தெரியவில்லை. முதுகுதான் தெரிந்தது. பின்னால் அந்தக் கை மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் விரலெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. கோயில் கயிறு சதையில் அழுந்தியிருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது, சும்மா நிற்கிறாள் என்று இத்தனை நாள் நான் நினைத்தது சும்மா நிற்பது இல்லை. பானை நிறையச் சோறு இறக்குகிற என் கைக்கு அவ்வளவு பலம் கிடையாது.

"இத நீங்க திருத்தலியாம்மா?" என்றார் ஆபீசர்.

"அவ இன்னும் யோசிச்சிக்கினு இருக்கா சார்."

"பரீட்சையில வந்தாலும் யோசிச்சிக்கினேதான் இருப்பாளா?"

ஆபீசர் ஏதோ குறித்துக்கொண்டார். ஹெட்மாஸ்டரிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே வெளிவாசல் பக்கம் போனார். "சேத்துடுங்க சார், அதுதான் நல்லது" என்றது மட்டும் என் காதில் விழுந்தது.

முடிந்தது என்று நினைத்தேன். அடுப்பைப் பார்க்கத் திரும்பினேன். கோமதி மட்டும் இன்னும் கோட்டின்மேல் நின்றிருந்தாள். அந்த ஒரு சாண் இடத்தில் இரண்டு பாதத்தையும் நெருக்கி வைத்துக்கொண்டு கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் அவளுக்கு எதிரே. வேலை போய்விட்ட பெண்பிள்ளை நிற்கிறமாதிரியே இல்லை. அங்கே வேறு யாரும் வந்துபோனதாகவே தெரியவில்லை.

அந்தப் பெண்ணின் குதிகால் திரும்பினதை நான் பார்த்தேன்.

"டீச்சர்!" என்றாள். "கோட்ட யாரும் வெட்டப் போறதில்லையே!"

"எழுது" என்றாள் டீச்சர். "போ, உடனே எழுது. வேற யாருகிட்டயும் சொல்லாத, எழுதிடு."

எனக்குத் தாங்கவில்லை. "டீச்சர், அவரு இன்னும் போயிருக்கமாட்டாரு, கூப்புடுங்க!" என்றேன். காதிலேயே வாங்கவில்லை. கோமதி நோட்டைப் பிரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரண்டியைப் போட்டுவிட்டு நானே போனேன். தெருமுனையில் ஆபீசர் கார் நின்றுகொண்டிருந்தது. தெரு நீளத்துக்குப் பாவு நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள், வண்டி போக வழி இல்லை. டிரைவர் ஹாரன் அடிக்கிறான். நெசவுக்காரர், "அடிச்சிக்கினே இருப்பா, நூலு இன்னா காது கேட்டு எழுந்து போவுமா? காயற வரைக்கும் இருக்கணும்" என்கிறார்.

நான் கார் கண்ணாடியைத் தட்டினேன். "சார், அந்தப் பொண்ணுக்கு வந்துடுச்சு."

"என்னம்மா வந்துடுச்சு?"

"பதிலு சார்."

"இப்பவா?"

"இப்பத்தான் சார் வந்தது. எப்படியும் வண்டி போவப்போறதில்ல. வந்து பாத்துட்டுப் போங்க."

அவர் பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இறங்கி வந்தார். ஹெட்மாஸ்டர் பின்னாலேயே ஓடிவந்து, "கோமதி, எழுந்து நில்லும்மா, சார் வந்திருக்காரு!" என்று பதறினார்.

கோமதி தலையைத் தூக்கவில்லை. "இருங்க சார், மறந்துடும்" என்றாள். எழுதிக்கொண்டே இருந்தாள்.

இருந்தார். ஆபீசர் வெயிலில் நின்றார். ஹெட்மாஸ்டர் இரண்டு தடவை வாயைத் திறந்தார், டீச்சர் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். உள்ளே என் பருப்பு பொங்கி அடுப்பில் வழிகிற வாசனை வந்தது. நான் அசையவில்லை. அவ்வளவு பேர் நிற்க, ஒரு பென்சில் சத்தம் மட்டும் கேட்டது.

எழுதி முடித்து நோட்டைக் கொடுத்தாள். அவர் வாய்விட்டுப் படித்தார்.

'புடவைக்கு வெட்ட இடம் வேண்டும். கோட்டை யாரும் வெட்டப் போவதில்லை. நான் விட்ட இடத்தில் நின்று பார்த்தேன். அது எந்தப் பங்கிலும் சேரவில்லை. அதனால் அது இருக்கக்கூடாது. ஒரு பங்கு முடிகிற இடத்தில்தான் அடுத்த பங்கு ஆரம்பிக்கிறது. அந்த இடத்துக்கு அகலம் கிடையாது. அது இரண்டுக்கும் சொந்தம். நான் இப்போது ஒரே ஒரு குறி போடுவேன்.'

மறுபடி ஒருதரம் மனசுக்குள் படித்தார். "ஏம்மா, நான் கேட்டப்பவே இதச் சொல்லியிருக்கலாமே?"

"அப்ப எனக்குத் தெரியாது சார்" என்றாள் கோமதி.

அவர் நோட்டை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு ஹெட்மாஸ்டரிடம், "வகுப்ப மாத்தவேணாம். இப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஹெட்மாஸ்டர் அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து என்னிடம் தண்ணீர் கேட்டார்.

நான் டீச்சர்கிட்டப் போனேன். நல்லவார்த்தை ஏதாவது சொல்வாள் என்றுதான் போனேன், பொய் சொல்வானேன்.

"அவர யாரு ஆயாம்மா கூட்டிக்கினு வந்தது?"

"நான்தான்."

"ஓ" என்றாள்.

"இன்னா டீச்சர், 'ஓ'ன்றீங்க? அவரு வரலன்னா உங்க வேல போயிருக்குமே!"

நான் கேட்டதை ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொண்டு யோசித்தாள்.

"போயிருக்கும்" என்றாள்.

அப்புறம் கோமதி பக்கத்தில் அந்த மண்ணிலேயே உட்கார்ந்துகொண்டு, "நோட்டக் குடும்மா, நான் இன்னும் படிக்கவே இல்ல" என்றாள்.